ஆஸ்திரேலியாவின் பழைய பிராட்பேண்ட் துறை என்ன செய்தது?

ஆஸ்திரேலியாவில் 'பிராட்பேண்ட், தகவல் தொடர்பு, டிஜிட்டல் பொருளாதாரத் துறை' என்று இருந்ததே, அது என்ன செய்தது என்று கேட்டிருக்கிறீர்கள். 2007 டிசம்பரில் கெவின் ரட் அரசு வந்ததும் அமைத்த துறை அது. பெரும்பாலான காலம் ஸ்டீபன் கான்ராய்தான் அமைச்சர். அதிவேக இணையத்துக்காக வீடுவீடாக ஃபைபர் கேபிள் இழுக்கும் என்.பி.என். (தேசிய பிராட்பேண்ட் வலையமைப்பு) திட்டம் அதன் பெரிய வேலை. 2009-இல் அறிவித்தபோது மதிப்பீடு 4,300 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

அப்புறம், பழைய அனலாக் டிவி ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றியது. நான் மெச்சுவது இதைத்தான். 2010-இல் விக்டோரியா மாநிலத்தின் மில்துரா நகரில் தொடங்கி பகுதி பகுதியாக நிறுத்தினார்கள். முழு ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் கேட்டால் அரசுச் செலவில் செட்-டாப் பாக்ஸ் கொடுத்து, வீட்டுக்கே ஆள் வந்து பொருத்தி, இயக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். சில இணையதளங்களைத் தடுக்க இணையத்துக்குக் கட்டாய வடிகட்டி போட நினைத்தது மட்டும் தவறு. எதிர்ப்பு வலுத்ததால் 2012-இல் கைவிட்டார்கள்.

2013 செப்டம்பரில் டோனி அபாட் பிரதமரானதும் இதைக் கலைத்து, தகவல் தொடர்புத் துறையை அமைத்தார்கள்.