மூன்றாவது பாட்டில் ஆசிட் வேண்டாம், முதலில் சேம்பரைத் திறங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் 40 வருடத்துக்கு முன் கட்டிய வீடு. கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் பக்கத்துக் குளியலறை ஓட்டை வழியாக மேலே வருகிறது. இரண்டு பாட்டில் ஆசிட் ஊற்றியும் போகவில்லை. தரையை முழுக்க உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். உடனடியாக என்ன செய்வது?

பதில்:

முதல் வேலை, தண்ணீரை நிறுத்துவது. மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை அடையுங்கள். மாடியில் குடித்தனம் இருந்தால் போய்ச் சொல்லிவிட்டு அடையுங்கள். அவர்கள் வாஷிங் மெஷின் ஒரு முறை ஓடினாலே அத்தனை தண்ணீரும் உங்கள் குளியலறையில்தான் ஏறும். ஆசிட் ஊற்றிய இடத்தில் நாற்றம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் மட்டும் தூவிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கக்கூஸில் ஊற்றியது குளியலறையில் ஏறுகிறது என்றால் இரண்டு குழாயும் சேரும் இடத்துக்கு அப்பால்தான் அடைப்பு. கக்கூஸ் பேசினிலோ, குளியலறைத் தரை ஓட்டைக்கு அடியில் இருக்கும் நானி டிராப்பிலோ குற்றமில்லை. அங்கே பம்ப் போட்டுக் குத்துவதும் ஆசிட் ஊற்றுவதும் வீண். ஆசிட் துணியைக் கரைக்காது, நாப்கினைக் கரைக்காது, முடியைக் கரைக்காது, வேரையும் கரைக்காது. அது நன்றாகக் கரைப்பது சிமெண்டை. பழைய வீட்டுக் குழாயில் இணைப்புக்கு இணைப்பு பூசியிருப்பது சிமெண்ட் சாந்துதான். ஊற்ற ஊற்ற அடைப்பு அப்படியே இருக்கும், இணைப்பு இளகும். "எங்க வீட்டில் ஆசிட்டில்தான் சரியாச்சு" என்று இதற்குக் கீழே எழுதுகிறவர்கள் வருவார்கள். பேசினில் படிந்த உப்புக்கறைக்கு அது உதவும், மறுக்கவில்லை. இது வேறு நோய். கைவைக்க வருகிறவரிடம் ஆசிட் ஊற்றியதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாளியில் அள்ளும்போது தெறித்தால் கண் போய்விடும்.

அடுத்து சேம்பரை, அதாவது கழிவுக்குழாய் வழியில் மூடியோடு கட்டியிருக்கும் சின்னத் தொட்டியை, தேட வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் செய்வது புறவாசல் முழுக்க டைல்ஸ் போட்டு சேம்பர் மூடிகளை மறைப்பதுதான். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். அந்த மூடிதான் வீட்டின் நாடி பிடிக்கும் இடம். அதை மறைத்த வீட்டில் அடைப்பு வந்தால் தரையை உடைப்பதைத் தவிர பிளம்பருக்கு வேறு வழியே தெரியாது. எந்த இடம் என்பதும் தெரியாமல் உடைப்பார்.

கண்டுபிடிக்க வழி உண்டு. கக்கூஸ் சுவரின் வெளிப்புறத்தில், நாற்றக்குழாய் ஏறும் இடத்தை ஒட்டி முதல் சேம்பர் இருக்கும். பிறகு குழாய் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று. சுத்தியல் பிடியால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனால் மூடிக்கு மேல் பொள்ளல் சத்தம் கேட்கும். இரண்டு டைல்ஸ் உடைப்பதோடு காரியம் முடியும்.

திறந்ததும் பாருங்கள். முதல் சேம்பர் நிரம்பி, அடுத்தது காய்ந்து கிடந்தால் இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. எல்லாம் நிரம்பியிருந்தால் செப்டிக் டேங்க் வாயிலோ அதற்கும் அப்பாலோ. முதல் சேம்பரே காய்ந்திருந்தால் வீட்டுக்கும் அதற்கும் நடுவில். அப்போதுதான் தரையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செப்டிக் டேங்கைத் திறந்து "நிறைஞ்சு கிடக்கு, லாரி கூப்பிடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். டேங்க் எப்போதும் வெளியேறும் குழாய் மட்டம் வரை நிறைந்துதான் இருக்கும், அதுதான் அதன் இயல்பு. தண்ணீர் அந்தக் குழாய்க்கு மேலே ஏறி நின்றால் சோக் பிட் (டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) குடிக்கவில்லை என்று அர்த்தம். மட்டம் சரியாக இருந்தும் உள்ளே வரும் டீயில் (T வடிவக் குழாய்) மிதக்கும் கழிவு கட்டியாக ஆடை படிந்திருந்தால், நீளக் கம்பால் அதை உடைத்து விட்டாலே வழி பிறக்கும். வெள்ளைத் துணி சுற்றிய கம்பை அடிவரை விட்டு எடுங்கள். சகதி எவ்வளவு உயரம் என்று கறை காட்டிவிடும். அடிச் சகதியும் மேல் ஆடையும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரி தேவை. 14420 என்ற அரசு உதவி எண்ணில் கேட்கலாம்.

மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காதீர்கள். அரை மணி நேரம் காற்றாட விடுங்கள், பக்கத்தில் பீடி நெருப்புகூடக் கூடாது. உள்ளே ஆளை மட்டும் இறக்கவே இறக்காதீர்கள். அங்கே நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு வாசனையே தெரியாது, இறங்கியவர் அடுத்த மூச்சில் விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். "ஐந்நூறு கூடத் தாரேன், கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்க எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அடைப்பு இரண்டு சேம்பருக்கு நடுவில் என்றால், காய்ந்த சேம்பரிலிருந்து நிரம்பியதை நோக்கிக் குத்துங்கள். குழாய் வாய் கண்ணுக்குத் தெரியும், குத்து நேராக விழும். சேம்பருக்குள் நிற்காமல் பக்கவாட்டில் நின்று குத்த வேண்டும். விடுபட்டால் மொத்தத் தண்ணீரும் ஒரே பாய்ச்சலாக வரும். அதற்கு முன் அந்தச் சேம்பரின் வெளிவாயில் ஒரு கம்பி வலையைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் வந்த துணி உருண்டை அடுத்த குழாயில் போய் உட்காரும். மூங்கில் பிளாச்சு போதும். திருகி மாட்டும் ராடு என்றால் கடிகாரச் சுற்றில் மட்டும் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் மரை கழன்று பாதி ராடு உள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கத்தான் பிறகு தோண்ட வேண்டியிருக்கும்.

வெளியே வந்தது என்ன என்று பார்ப்பதுதான் முக்கியம். துணியோ நாப்கினோ என்றால் காரியம் முடிந்தது. வெளுத்த மெழுகு மாதிரி வந்தால் அடுப்படி எண்ணெயும் சோறு வடித்த கஞ்சியும் பாத்திரம் தேய்த்த தேங்காய் நாரும் சேர்ந்த கட்டி. முடிக்கற்றை போல வேர் வந்தால் கதையே வேறு. அந்தக் காலத்தில் பதித்தது பழுப்பு நிறத்தில் பளபளக்கும் ஸ்டோன்வேர் குழாய். ஒன்று இரண்டடி, இரண்டரையடி நீளம்தான். 30 அடி ஓட்டத்தில் பன்னிரண்டு, பதினைந்து இணைப்பு வரும். குழாய் நூறு வருடம் இருக்கும், இணைப்புச் சாந்துதான் வெடிக்கும். கரிசல் மண் என்றால் கோடையில் சுருங்கி மழையில் உப்பி இன்னும் சீக்கிரம் வெடிக்க வைக்கும். கசிவு இருக்கும் இடத்துக்கு வேம்பும் தென்னையும் வேரை அனுப்பிவிடும். குத்தி எடுத்தால் சில மாதம் ஓடும், மறுபடி முளைக்கும். இந்த மாதிரிக் குழாயில் பிரஷர் ஜெட் அடிக்கிறேன் என்று வந்தால் யோசியுங்கள். வெடித்த இணைப்பு முழுக்கத் திறந்துகொள்ளும்.

குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று. ஒரு சேம்பரில் டார்ச் அடித்து, அடுத்ததில் முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. அரை நிலா மாதிரித் தெரிந்தால் நடுவில் தொய்ந்து தண்ணீர் நிற்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் வேரோ உடைந்த துண்டோ கிடக்கிறது.

மாற்றத்தான் வேண்டும் என்றாலும் வீட்டுக்குள் தோண்டுவது கடைசி வழி. பழையதை அப்படியே மண்ணில் விட்டுவிட்டு, வாய்களை அடைத்து, காம்பவுண்ட் ஓரமாகப் புதிய பாதை போடலாம். பிளம்பர் சொல்வது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. சில வீடுகளில் கக்கூஸ் நட்டநடுவில் இருக்கும், வேறு வழியிருக்காது. 110 எம்எம் எஸ்டபிள்யூஆர் குழாயில் (கழிவுநீருக்கான பிவிசி குழாய்) 'பி' ரகம் வாங்குங்கள். 'ஏ' ரகம் மழைத்தண்ணீருக்கும் நாற்றக்குழாய்க்கும் ஆனது, விலை குறைவு என்று அதைத்தான் தள்ளிவிடுவார்கள். வாட்டம், அதாவது சரிவு, 10 அடிக்கு 3 அங்குலம். இதைக் கொத்தனார் கண்மட்டத்தில் விடாமல் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்துக் குறிக்கச் சொல்லுங்கள். அடியில் நான்கு அங்குலம் மணல், கல் படக் கூடாது. இரண்டு குழாய் சேரும் இடத்தில் நேர் டீ வேண்டாம், சாய்வாகச் சேரும் ஒய் (Y வடிவம்) போடுங்கள். சேம்பர் சுவரில் பிவிசி நுழையும் இடத்தில் சிமெண்ட் பிடிக்காது. அங்கே மட்டும் குழாய்மேல் பிவிசி ஒட்டும் சொல்யூஷன் தடவி மணலைத் தூவி, காய்ந்தபின் பூச வேண்டும். இதைச் செய்யாத வீட்டில்தான் அந்த இடுக்கு வழியாக வேர் நுழைகிறது.

கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று ஆற்றை ஒட்டிய வீடுகளுக்கு ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தொல்லை. நிலத்தடி நீர் மேலேறி சோக் பிட் குடிக்காது. லாரி வைத்து எடுத்தாலும் சீக்கிரமே நிறைந்துவிடும். அது அடைப்பு அல்ல, மழை விடும்வரை தண்ணீர்ச் செலவைக் குறைப்பதுதான் வழி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எத்தனை வீட்டுக் கக்கூஸ் வழியாகச் சாக்கடை உள்ளே வந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசிச் சேம்பரில் தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒரு நான் ரிட்டர்ன் வால்வு வைத்தால் தடுக்கலாம். இதோடு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, நம் வாசல்படியே பள்ளமாகிவிட்டது. வாறுகால் (தெருச் சாக்கடை) மட்டமும் கூடவே உயர்ந்துவிட்டது. அன்று வாட்டத்தோடு கட்டிய அடுப்படித் தண்ணீர் இன்று வெளியேற வழியில்லை. ரோடு போடும் அன்றைக்கே தெருவில் நின்று கேட்காவிட்டால் இது தீராது.

புதுக் குழாயை மூடுவதற்கு முன் கீழ்வாயை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மேல் சேம்பரில் கோடு போட்டு அரை மணி நேரம் பாருங்கள். இறங்கினால் கசிகிறது; அன்றே சரிசெய்ய வேண்டும், மண் தள்ளிய பிறகு அல்ல. ஒவ்வொரு சேம்பரும் வீட்டின் எந்த இரண்டு மூலையிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் அளந்து எழுதி, ஈபி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.