மீட்புச் செய்தியில் யார் பக்கம் சாய்கிறார்கள்?

கோவையில் நாளிதழ்ச் செய்திப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

சூலூரிலிருந்து: அண்ணா, ராணுவம் மீட்டால் முதல் பக்கம், ஊர்க்காரர் மீட்டால் ஒரு வரி. காசு வாங்கிட்டு எழுதறாங்களா?

அதெல்லாம் இல்லைங்க. முக்கால்வாசி சோம்பல்தான். ராணுவத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி இருக்கிறார். படம், வீடியோ, மீட்டவர் எண்ணிக்கை எல்லாம் பக்கம் முடிப்பதற்குள் வந்துவிடும். 2018 கேரள வெள்ளத்துக்குப் படகை லாரியில் ஏற்றி வந்த மீனவர்களுக்கு அப்படி யார் இருந்தார்கள்? பெண்கள் படகேற முதுகைப் படியாகக் கொடுத்த மீனவரை ஒரு கைப்பேசி வீடியோதான் நாட்டுக்குக் காட்டியது. ஹெலிகாப்டரில் ஏறிப் போகும் நிருபருக்கு மேலிருந்து தெரிவதுதான் செய்தி.

பொள்ளாச்சியிலிருந்து: மலம்புழா மலை இடுக்கில் சிக்கிய இளைஞரை மீட்டதும் அப்படித்தானா?

இல்லை. 2022 பிப்ரவரியில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டராலும் முடியாதபோது, நீலகிரி வெலிங்டனிலிருந்து போன ராணுவ வீரர்கள்தான் கயிற்றில் இறங்கித் தூக்கினார்கள். பெரிய தலைப்பு நியாயம். ஆனால் முதல் நாளே ஏன் கூப்பிடவில்லை என்பதை நம்மூர் சேனல்கள் எத்தனை பேர் துருவினார்கள், சொல்லுங்கள்!

கோபியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: வெளிநாட்டுப் பத்திரிகைகள் நடுநிலையாக எழுதுமா, சார்?

எங்கேம்மா! 2003 ஈராக் போரில் பிடிபட்ட அமெரிக்கச் சிப்பாய் ஜெசிகா லிஞ்ச் கதையைப் பாருங்கள். நாசிரியா மருத்துவமனையிலிருந்து மீட்ட இரவுக் காட்சிகளை ராணுவமே எடுத்துக் கொடுத்தது. கடைசித் தோட்டா வரை சுட்டார் என்று பெயர் சொல்லாத அதிகாரிகளை நம்பி வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. உண்மையில் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. அவர் ஒரு குண்டும் சுடவில்லை. காயங்கள் வண்டி மோதியதில் வந்தவை. படை நுழைந்தபோது அங்கே ஈராக்கிய வீரர்களே இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 2007இல் நாடாளுமன்றக் குழு முன்னால் லிஞ்சே அந்த வீரக்கதையை மறுத்தார். மீட்டவர்கள் உயிரைப் பணயம் வைத்தது பொய்யில்லை. மேலே பூசிய சாயம்தான் பொய்.

தாராபுரத்திலிருந்து: 2015 நிலநடுக்கத்தில் நாம் உதவியும் நேபாளிகள் ஏன் கோபப்பட்டார்கள்?

கோபம் வீரர்கள் மேல் இல்லை, மைக் பிடித்தவர்கள் மேல். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால்? போதாததற்கு, மீட்புப் பணியை இந்திய அரசின் விளம்பரம் போலக் காட்டினார்கள்.

ஈரோட்டிலிருந்து: நேரலையைத் தடுப்பதும் ஒருதலைப்பட்சம்தானே?

பயங்கரவாதிகள் இருக்கும் இடமென்றால் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலில் படை இறங்குவதையே டிவி காட்டியது. அதனால்தான் 2015 கேபிள் டிவி விதியில், நடவடிக்கை முடியும்வரை நியமித்த அதிகாரி சொல்வதை மட்டும் ஒளிபரப்பலாம் என்று சேர்த்தார்கள். வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் அந்த விதி பொருந்தாது. அங்கே யாராவது கேமராவை மறித்தால் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.