அசைன்மென்ட்டைப் பரிசுக் கட்டுரை ஆக்குவது எப்படி?

கேள்வி: ஊட்டியில் பி.ஏ. முதலாமாண்டு படிக்கிறேன். நீலகிரியில் பரவிக் கிடக்கும் சீகை (வாட்டில்) மரங்களைப் பற்றி நான் எழுதிய அசைன்மென்ட்டை, முதலாமாண்டு மாணவர்களுக்கான கட்டுரைப் பரிசுக்கு அனுப்பச் சொல்கிறார் எங்கள் மேடம். 2,200 சொற்கள் இருக்கின்றன, வரம்பு 1,500. எதை வெட்டுவது?

பதில்: வெட்டுவதற்கு முன் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தான் என்ன சொல்ல வந்தோம் என்பது பலருக்கும் அங்கேதான் பிடிபடுகிறது. அதைத் தூக்கி முதல் பத்தியில் வையுங்கள். மேடத்துக்குக் கேள்வி தெரியும், அவரே கொடுத்தது. நடுவர் வேறு துறைக்காரராக இருக்கலாம். அவருக்குக் கேள்வியும் கட்டுரைக்குள்ளேயே கிடைக்க வேண்டும்.

'சீகையை அகற்ற வேண்டும்' என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. 'வெட்டினால் மட்டும் சீகை மூடிய புல்வெளி திரும்பிவிடுமா?' என்று கேட்டுப் பாருங்கள், எழுத விஷயம் வரும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரத்தின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். மறுபக்கம், பட்டை தோல் பதனிட உதவுகிறது, கட்டை அடுப்புக்கு விறகாகிறது. அந்த மறுபக்கத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள், மழுப்பாமல். முதலாமாண்டுக் கட்டுரைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: எதிர்வாதத்தை ஒரே வரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். (சமவெளி நடுவருக்குச் சீகை என்றதும் சீயக்காய்தான் நினைவுக்கு வரும். வாட்டில் என்ற பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.)

இனி வெட்டு. 'மலைகளின் அரசி' வர்ணனை, 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய வரலாறு, அகராதி விளக்கம் இருந்தால் முதலில் அவை போகட்டும். மீதிக்காக வாக்கியம் வாக்கியமாகச் சுரண்டாதீர்கள், நடை செத்துவிடும். சான்றுகளில் பலவீனமான ஒன்றை முழுதாகத் தூக்குங்கள்.

மேடம் திருத்தி எழுதிக் கொடுத்த வரிகள் உங்களுடையவை அல்ல. உங்கள் சொல்லில் மாற்றுங்கள். விறகு பொறுக்கும் பாட்டியிடம் கேட்ட தகவல் என்றால், அவர் அனுமதியோடு ஊரையும் கேட்ட நாளையும் குறிப்பிடுங்கள்.

விதிகளில் இரண்டைப் பாருங்கள்: மார்க் போட்ட அசைன்மென்ட்டை ஏற்பார்களா, அடிக்குறிப்பும் சொல் கணக்கில் சேருமா. பெயர் இல்லாமல் அனுப்பச் சொல்லியிருந்தால், பக்கத் தலைப்பில் பதிவு எண் கிடக்கிறதா, கோப்பின் பெயரில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.