பிடிக்காத நாவலை முடித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எடுத்த புத்தகத்தை முடிக்காமல் கீழே வைப்பதில்லை என்பது பள்ளிப் பருவம் முதலே என் வழக்கம். நண்பர்கள் அனைவரும் புகழும் 600 பக்க நாவல் ஒன்றில் மூன்று மாதங்களாக 200-ஆம் பக்கத்திலேயே நிற்கிறேன். அதைத் தொடரவும் மனமில்லை. அதை விட்டு வேறொன்றைத் தொடவும் உறுத்தலாக இருக்கிறது. பாதியில் விடுவது தவறா?

பதில்: தவறே இல்லை. ஆனால், இந்த மூன்று மாதங்களில் நீங்கள் அந்த நாவலையும் படிக்கவில்லை, வேறெதையும் படிக்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தரும் செய்தி. வாசிப்புக்கென்று வகுத்துக்கொண்ட ஒழுங்கே வாசிப்பை நிறுத்திவிட்ட பிறகு, அதைக் கட்டிக் காப்பதில் பொருளில்லை.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் பலரையும் பிடித்து நிறுத்துகிறது. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு ஒன்றில், ஒரே நாடகப் பருவத்துக்கான சீட்டுகள் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்கப்பட்டன. பருவத்தின் முற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்களை அழைத்துவந்தது செலவழித்த பணம். உங்கள் 200 பக்கங்களுக்குச் செலவான நேரமும் இனித் திரும்பாது. எஞ்சியுள்ள 400 பக்கங்களுக்கு ஆகும் நேரத்தை என்ன செய்வது என்பது மட்டுமே இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

இருப்பினும், நாவல் பிடிக்கவில்லையா, பிடிபடவில்லையா என்பதை விடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரிய நாவல்கள் பல, மனிதர்களையும் உறவுமுறைகளையும் பேச்சுவழக்கையும் நமக்குப் பழக்குவதற்கே நூறு பக்கங்களை எடுத்துக்கொள்கின்றன. அவற்றைத் தூக்கம் வரும் நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாகப் படித்தால், யார் யாருக்கு என்ன உறவு என்பதே ஒவ்வொரு நாளும் மறந்துபோகும், பழியோ நூலின் மேல் விழும். ஒரு விடுமுறை நாளில் கைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, 20 பக்கங்கள் பின்னால் போய், ஒன்றரை மணி நேரம் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். அதன் பிறகும் கதையைவிடப் பக்க எண்ணையே கண் தேடுமானால், தயங்காமல் மூடிவிடலாம். மூடிய பிறகு ஏதேனும் ஒரு பாத்திரம் நினைவில் வந்து தொந்தரவு செய்தால், இன்னும் ஓர் அத்தியாயம் கொடுங்கள்.

நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்குச் சொல்கிறார்: 50 வயது வரை உள்ளவர்கள் ஒரு நூலுக்கு 50 பக்கங்கள் கொடுத்தால் போதும், அதற்கு மேற்பட்டவர்கள் 100-இலிருந்து தம் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கையளவு படித்தால் போதும். 70 வயதானவருக்கு 30 பக்கங்கள்தான். வயது ஏற ஏறச் சலுகை கூடுகிறது என்பதால் இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் துப்பறியும் கதைக்கு 50 பக்கங்கள் மிக அதிகம், வரலாற்று நூலுக்குச் சில வேளை போதாது. தேர்வுக்கோ தொழிலுக்கோ படிக்கும் நூல்களுக்கு இந்தச் சலுகை எதுவும் செல்லாது.

கல்விக்குக் கரையில்லை, கற்பவர்க்கோ நாள்கள் சில என்னும் நாலடியார்ப் பாடலை மேடைகளில் முதல் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் ஆராய்ந்து தேர்ந்து கற்க வேண்டும் என்று அது மேலே சொல்வது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நண்பர்களிடம் மறைக்க வேண்டாம். "எனக்கு ஒட்டவில்லை, உங்களை எது இழுத்தது?" என்று கேளுங்கள்; மூன்றில் ஒரு பங்கை மட்டுமே படித்துவிட்டு "மோசமான நாவல்" என்று மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நிறுத்திய பக்கத்தையும் தேதியையும் உள்ளட்டையில் பென்சிலால் குறித்து, படுக்கையருகிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்; இரவல் என்றால் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள். அடுத்து எடுப்பது 150 பக்கங்களுக்கு மேற்படாத நூலாக இருக்கட்டும்.