1 மீட்டர் லூப்பில் மீடியம் வேவ் மந்தம்: எல்என்ஏ (குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபையர்) பழுதில்லை

1 மீட்டர் லூப் ஆன்டெனாவில் எல்என்ஏவை மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸ் நன்றாகக் கேட்கிறது, 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே செத்துக் கிடக்கிறது என்கிறீர்கள். எல்என்ஏவின் 50 ஓம் உள்ளீடுதான் காரணம். அந்த லூப்பின் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய 3 மைக்ரோஹென்றி. 50 ஓமோடு சேர்ந்தால் சுமார் 2.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே சிக்னல் சரியத் தொடங்கிவிடும்.

அதற்குப் பதிலாக இரண்டு 2என்5109 டிரான்சிஸ்டர்களை, காமன் பேஸில் (சிக்னல் எமிட்டரில் நுழையும் இணைப்பு), புஷ்-புல்லாக (இரண்டும் எதிரெதிராக இயங்கும்படி) போடுங்கள். ஒவ்வொன்றிலும் 10 மில்லிஆம்பியர் ஓடினால் எமிட்டர் எதிர்ப்பு 2.6 ஓம், இரண்டுக்கும் 5.2. சரிவு 280 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பக்கத்தில் பலமான நிலையம் இருந்தால் 30 மில்லிஆம்பியர், கூடவே ஹீட்சிங்க்.

பலர் கோட்டைவிடுவது பேஸில்தான். அங்குள்ள 100 நானோஃபாரட் கெபாசிட்டரின் கால் நீண்டால் விஎச்எஃப்பில் (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) ஆசிலேட் ஆகும், அதாவது ஆம்ப்ளிஃபையர் தானாகவே அலையை உண்டாக்கும். விரலைக் கிட்டே கொண்டுபோனாலே இரைச்சல் மாறும். காலை ஒட்ட வெட்டி, பேஸ் கம்பியில் ஒரு ஃபெரைட் மணியைக் கோத்துவிடுங்கள்.

பிறகு லூப்பைக் கழற்றிவிட்டு, உலோக டப்பாவுக்குள் 3 மைக்ரோஹென்றி காயிலை மாட்டிப் பாருங்கள். நிலையமில்லாத இடத்தில் இரைச்சல் 6 டெசிபெல்லாவது குறையவில்லையென்றால், கேட்பது ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல்.