பொப் பாடலும் அதன் உரிமையும்: கேள்வி பதில்

திருகோணமலையில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறேன். பாட்டு எழுதுவதைத் தொழிலாக்க நினைப்பவர்களும் அவர்களின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அண்ணா, இசைத் தயாரிப்பாளர் உண்மையில் என்ன செய்வார்? (உவர்மலை)

தம்பி, பாட்டின் வேகம், சுருதி, எங்கே தாளம் விழ வேண்டும், எங்கே எல்லாம் அடங்கிக் குரல் மட்டும் நிற்க வேண்டும் என்றெல்லாம் முடிவெடுப்பவர் அவர்தான். பாடகி ஒரே பல்லவியைப் பலமுறை பாடியிருப்பார். ஒன்றில் முதல் சொல் நன்றாக இருக்கும். இன்னொன்றில் மூச்சு சரியாக விழுந்திருக்கும். அவற்றைக் கேட்டுப் பொறுக்கி, ஒரே மூச்சில் பாடியது போல ஒட்டுவதிலேயே ஒரு நாள் போய்விடும். இந்த வேலையில் சலிப்பு வந்தால் தொழில் சரிவராது.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் உலக அளவில் பாட்டு எழுத முடியுமா? (கிண்ணியா)

முடியும். பொப் பாடலாசிரியர் மேக்ஸ் மார்ட்டின் 1971இல் பிறந்த சுவீடன்காரர். அரச செலவில் நடந்த இசைப் பள்ளியில் படித்து, மெட்டல் எனும் அதிரடி ராக் இசைக் குழுவொன்றில் பாடிக்கொண்டிருந்தவர். ஸ்டொக்ஹோமில் டெனிஸ் பொப் என்ற இசைத் தயாரிப்பாளரின் செய்ரோன் ஒலிப்பதிவுக்கூடத்தில் சேர்ந்து தொழில் கற்றார். 1998இல் அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸை உலகறியச் செய்த முதல் பாடல் இவர் எழுதியது. அதற்கு முன் டி.எல்.சி. என்ற அமெரிக்கப் பாடகியர் குழு வேண்டாமென்று விட்ட பாடல் அது. மெட்டின் அசைக்கணக்கில் இவர் மிகக் கண்டிப்பானவர். சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் மெட்டுக்குள் உட்காராவிட்டால் மாற்றிவிடுவார். தமிழில் எழுதும் நாம் குறில் நெடிலைக் காதால் அறிந்தவர்கள். மெட்டு நீளும் இடத்தில் நெடிலை வையுங்கள். பாடுபவர் உங்களை வாழ்த்துவார்.

வீட்டிலேயே பதிவு செய்ய என்ன வாங்கலாம்? (பாலையூற்று)

நல்ல ஒலிவாங்கி ஒன்று, அதைக் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ், ஹெட்போன், கணினி. இவை போதும். மெத்தையும் துணியும் நிறைந்த அறையில் பாடுங்கள். கடற்காற்றின் ஈரம் ஒலிவாங்கியைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் மூடி வையுங்கள்.

நண்பனோடு சேர்ந்து செய்த பாட்டு ஓடத் தொடங்கியதும் முழுவதும் தன்னுடையது என்கிறான். என்ன செய்ய? (மூதூர்)

மனம் நோகிறது தம்பி, ஏனென்றால் இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று. பதிவான ஒலி மற்றொன்று. முதலாவது படைத்தவர்களுக்கு உரியது. இரண்டாவது பொதுவாகப் பதிவை முன்னின்று செய்வித்தவருக்குப் போகும். கூடத்துக்குக் காசு கொடுத்தவன் என்பதற்காக உங்கள் மெட்டு அவனுடையதாகிவிடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எந்த அலுவலகத்திலும் பதியாமலே பதிப்புரிமை பிறக்கிறது. படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கிறது. பேரப்பிள்ளைகள் வரை போகும் சொத்து இது. கைப்பேசியில் முதன்முதலாக முணுமுணுத்துப் பதிந்தது, வரி அனுப்பிய செய்திகள் எதையும் அழிக்காமல் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். இனிமேல், பாட்டு முடிந்த அன்றே யாருக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். உறவு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். எழுதாமல் விட்டுத்தான் உறவுகள் கெடுகின்றன.

மகன் வேலையை விட்டுவிட்டு இதையே செய்யப்போகிறேன் என்கிறான். விடலாமா? (தம்பலகாமம், ஒரு தாய்)

இப்போதே வேண்டாம் அம்மா. இணையத்தில் பாட்டுக் கேட்பவர்களால் வரும் காசு நம் ஊரில் அரிசிக்கும் காணாது. விளம்பர இசை, கோயில் பாடல்கள், குறும்படங்கள், மற்றவர்களின் பதிவில் குரலையும் இசையையும் அளவாகக் கலந்து (மிக்ஸிங்) கொடுப்பது என்று மாதாமாதம் வருமானம் வரத் தொடங்கட்டும். நம் திருமலையின் பொப் பாடகர்களான பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் பாடிய மண் இது, திறமைக்குக் குறைவில்லை. மகனை ஒரு சனிக்கிழமை என் கூடத்துக்கு அனுப்புங்கள். அவன் மெட்டுகளைக் கேட்டுவிட்டு மறைக்காமல் சொல்கிறேன்.