சூனியம் படிக்கப் போகிறாளா உங்கள் மகள்?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார். மகள் சாதாரண தரத்தில் எட்டு ஏ, ஒரு பி. அதிபர், டியூட்டரிக்காரர், சொந்தபந்தம் எல்லாருக்கும் ஒரே பேச்சு: பயோ. கனடாவில் இருக்கும் தாய்மாமன் யாழ்ப்பாணத்தில் விடுதிச் செலவும் டியூசன் காசும் தன் பொறுப்பு என்றிருக்கிறார். உயர்தரத்தில் மெடிசின் தவறினால் வெளிநாட்டில் படிப்பிக்கலாம், அரைவாசி அவர் தருவார், மிச்சத்துக்கு வயற்காணியை ஈடு வைக்கலாம் என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளை மட்டும் கலைப்பிரிவு என்று நிற்கிறாள். ஏன் என்று கேட்டால், சடங்கும் மந்திரமும் மெசினும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று படிக்கப் போகிறாளாம். இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகம் மாயவித்தைக்கு முதுகலைப் பட்டம் தொடங்கிய செய்தியைக் கைத்தொலைபேசியில் காட்டியும் இருக்கிறாள். "ஐயா, சூனியம் படிக்கவா இவளை இவ்வளவு காலமும் படிப்பிச்சனான்?" என்று கடிதம் முடிகிறது.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் எதுவும் செய்து வைக்கவுமில்லை. ஆறுதல் இவ்வளவுதான். மற்றபடி நீங்கள் போட்டிருக்கும் திட்டம் பிழை, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பயோ. அது கெட்ட பிரிவு என்று நான் சொல்லவரவில்லை. விருப்பமுள்ள பிள்ளைக்கு அது நல்ல வழி. வன்னி மாவட்டங்களுக்குக் கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்ற 5 வீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் மகளுக்கு உயிரியல் பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. பிடிக்காத பாடத்தை மூன்று முறை எழுதி, இருபத்தொரு வயதில் வீட்டுக்கு வந்து, "இனி என்ன செய்யிறது" என்று கேட்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெளிநாட்டு மெடிசினில் படிப்புக் காலத்தை மட்டும் பார்க்கிறீர்கள். திரும்பி வந்து இங்கே வைத்தியம் பார்க்க மருத்துவ சபையின் பரீட்சையில் தேற வேண்டும். அதற்குப் படிக்கும் வருடங்களுக்கு யார் சோறு போடுவது? மாமாவின் கணக்கில் அது இல்லை. காணியை ஈடு வைக்கும் பேச்சை இன்றோடு விடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். "இப்படியெல்லாம் எழுதி வைச்சிருக்கிறாள், பாருங்கோ" என்று அவளுடைய கொப்பியில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். பைத்தியக்காரத்தனத்துக்கு அத்தாட்சியாக அனுப்பினீர்கள் என்று நினைக்கிறேன். முத்தையன்கட்டுக் குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த நாள். 9.10க்குப் பானை வைத்தது, 9.40க்குப் பால் பொங்கியது, 9.52க்குக் கற்பூரம் கொளுத்தியது என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். அப்புறம் இது: "பொறியியலாளர் சேர் சக்கரத்தில் கை வைத்திருந்தவர். கற்பூரம் அணையும் மட்டும் திருப்பவில்லை. நேரம் போகுது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாள் கூட்டத்தில் முடிவெடுத்தது. நேரம் ஐயர் சொன்னது."

கடைசி இரண்டு வசனங்களைத் திரும்ப வாசியுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் இருந்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பார்த்து நாள் குறிக்கிறார்கள். அந்த நாளுக்குள் நேரத்தைக் குறிப்பது வேறொருவர். இரண்டு அதிகாரமும் குளத்துத் தண்ணீரைத் திறக்கும் ஒரே துருசுக் கதவில் வந்து நிற்கின்றன, சண்டை பிடிக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்து இதைப் பிடித்திருக்கிறாள். இதைப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. விஞ்ஞான தொழினுட்பக் கற்கைகள் என்பார்கள். விஞ்ஞானமும் கருவிகளும் மனிதர்களுக்கிடையில் எப்படி உருவாகின்றன, யார் சொல் எடுபடுகிறது, நம்பிக்கை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. எடின்பரோவில் இதற்கென ஒரு பிரிவு 1960களிலேயே தொடங்கிவிட்டது. மானிடவியலோடு சேரும்போது சடங்கும் அதற்குள் வருகிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பாலித் தீவைச் சொல்கிறேன், நீங்களும் வயல் செய்கிறவர்தானே. அங்கே நீர்ப்பங்கீட்டைச் சுபாக் என்ற கமக்காரர் அமைப்புகளும் நீர்க்கோயில்களும் பார்த்துவந்தன. எந்தப் பகுதி எப்போது நடுவது, எப்போது தரிசாக விடுவது என்பதெல்லாம் கோயில் சடங்கு நாட்களோடு கட்டுண்டிருந்தது. 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புது நெல், உரம், கிருமிநாசினி, முடிந்த போதெல்லாம் நடு என்று அரசாங்கம் சொன்னது. கோயில் நாட்காட்டி பழைய பஞ்சாங்கமாக ஒதுக்கப்பட்டது. பின்னாலேயே தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது, கபிலநிறத் தத்தி என்ற நெற்பூச்சி வந்தது, விளைச்சல் போனது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் அங்கே இருந்து பார்த்தார். பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தால் தத்திக்குச் சாப்பாடு இல்லை. எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமநிலையைக் கோயில்கள் காத்துவந்திருக்கின்றன. சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமரோடு சேர்ந்து அதைக் கணினியில் மாதிரியாக்கிக் காட்டினார். 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலத்தோற்றத்தை உலக மரபுரிமையில் சேர்த்தது. பூசாரியிடம் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஓர் ஆள் தொடக்கத்திலேயே அந்தத் திட்டக்காரர்களோடு இருந்திருந்தால் எத்தனை போகம் தப்பியிருக்கும் என்று யோசியுங்கள்.

வெள்ளைக்காரர் வேலை என்றும் நினைக்க வேண்டாம். மந்திரமும் விஞ்ஞானமும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வியில் உலகமே வாசிக்கும் பெயர்களில் ஒன்று ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. 1929இல் பிறந்த இலங்கைத் தமிழர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே சமூகவியல் கற்பித்து, பிறகு கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹாவார்ட் என்று போனவர். மந்திரச் சொல்லுக்கு எங்கிருந்து வலு வருகிறது என்று 1968இல் கட்டுரை எழுதினார். மந்திரம், விஞ்ஞானம், சமயம் மூன்றையும் பற்றிய அவருடைய நூல் 1990இல் வந்தது. 1997இல் பல்சான் என்ற சர்வதேசப் பரிசைப் பெற்றார். 2014இல் காலமானார். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எனக்கு அதில் பெரிய கோபம் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இது பிள்ளைக்கு. உன் பெரியப்பா "எங்கட சடங்கெல்லாம் விஞ்ஞானம்தான், நீ படிச்சு நிரூபி" என்று உற்சாகப்படுத்துகிறாராம். அந்த உற்சாகத்தை வாங்கிப் பையில் போடாதே. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். அது எரிவதற்கு இரசாயனக் காரணம் தேடுவது இந்தத் துறையின் வேலை இல்லை. பொய் என்று காட்டுவதும் இல்லை. தீர்த்தமெடுக்கும் உரிமை யாருக்கு, எந்த ஊர் எந்த வேலையைச் செய்கிறது, இடம்பெயர்ந்து போன வருடங்களில் அந்த முறைகள் என்னவாயின, இன்று கைத்தொலைபேசிக் கமராவுக்கு முன்னால் என்ன மாறியிருக்கிறது என்று கேள். மலினோவ்ஸ்கி என்றொரு மானிடவியலாளர் பப்புவா நியூகினிப் பக்கமுள்ள ட்ரோப்ரியண்ட் தீவுகளில் பார்த்தது இது: அமைதியான களப்பில் மீன் பிடிக்க மந்திரம் இல்லை, ஆபத்தான வெளிக்கடலுக்குப் போகத்தான் மந்திரம். முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்பும் இருக்கிறது, பெருங்கடலும் இருக்கிறது. அங்கேயும் அப்படித்தானா? போய் விசாரிக்க உனக்கு விமானச்சீட்டு வேண்டாம்.

இன்னொன்று. சடங்கை மதிப்பது வேறு, உயிரோடு விளையாடுவது வேறு. கண்ணாடி விரியனோ எண்ணெய் விரியனோ கடித்தால் முதலில் ஆஸ்பத்திரி. பார்வை பார்ப்பதும் நேர்த்தி வைப்பதும் பிறகு. ஆனால் சனம் ஏன் முதலில் விஷகடி வைத்தியரிடம் போகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் சுவரொட்டி ஒட்டிப் பயனில்லை. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து குழிவிரியன் கடிக்கு வேலை செய்யாது. அந்தக் கடியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், "இதற்கு ஊசி இல்லை" என்று கேட்டுத் திரும்பியவர் ஊரில் போய் என்ன சொல்வார்? வைத்தியருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இதைப் பேசத் தெரிந்தவர்கள் சுகாதாரத் துறைக்குத் தேவை.

சரி, வேலை. வெறும் கலைப்பட்டத்தோடு நியமனம் கேட்டு வீதியில் குந்தியிருந்த பட்டதாரிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்தேன். அந்தப் பயம் நியாயமானது. மொழியும் கள ஆய்வும் கணக்கும் இல்லாத பட்டம் அங்கேதான் கொண்டுபோய் விடும். இந்தத் துறைக்கு வேலை இருக்குமிடத்தை உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே காட்டுகிறேன். கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் ஒப்புதல் கொடுத்தது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். கடைசியில் இரணைமடுவை விட்டுவிட்டு, தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். குழாய்க் கணக்கில் பிழை வந்து திட்டம் மாறவில்லை. குளம் யாருடையது என்ற கேள்விக்கு ஊர் வைத்திருந்த பதிலை யாரும் நேரத்தோடு கேட்கவில்லை என்பது என் எண்ணம். மன்னாரில் காற்றாலைகளுக்கும் இதே கதை. இப்படியான திட்டங்களில், ஊருக்குப் பாதிப்பு வராமல் பார்க்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலர், சமூகவியலாளர் என்று பதவிகள் இருக்கின்றன. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலும் சமூகவியலாளர்கள் வேலை செய்கிறார்கள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் பேசி, துருசுக்கும் கோயிலுக்கும் ஒரே கொப்பியோடு போகத் தெரிந்தவர் அந்த நேர்முகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

வழியைச் சொல்கிறேன். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்றொரு பாடம் இருக்கிறது. "சும்மா எடுக்கிற பாடம்" என்று பெயர் கெட்டுப்போன பாடம். விஞ்ஞானம் என்றால் என்ன, ஒரு கோட்பாடு எப்போது விழும் என்று பொப்பர், கூன் என்ற விஞ்ஞான மெய்யியலாளர்களைப் பதினேழு வயதில் தமிழில் படிக்கக் கிடைப்பது வேறெந்தப் பாடத்தில்? அதோடு புவியியல், இந்து நாகரிகம். புவியியலை விட வேண்டாம், வரைபடமும் தரவும் பின்னால் சோறு போடும். பொது ஆங்கிலத்தை எல்லாரும் போல் தூக்கி எறியவும் வேண்டாம். பிறகு யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ சமூகவியல், நான்கு வருடச் சிறப்புப் பட்டம். அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. முதுகலைக்குப் புதுடில்லியில் தென்னாசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் உண்டு. ஆய்வுப் பட்டத்துக்கு அங்கேயே ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கொள்கைக் கற்கை நிலையம் உண்டு. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குத் தரும் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன. கலாநிதிப் பட்டத்துக்கு அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை விட்டுச் செலவுக்கும் பணம் தரும். தேர்வுதான் கடினம்.

எக்ஸிற்றர் பட்டம் உண்மையானது. 2024 செப்டெம்பரில் தொடங்கியது. வரலாறு, தொல்லியல், மெய்யியல், சமயம் எல்லாம் சேர்த்து மாயவித்தையை ஆராயும் படிப்பு அது, சூனியம் வைக்கக் கற்பிப்பதில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு வருடக் கட்டணமே 20,000 பவுணுக்கு மேல். விசாவுக்கு ஒன்பது மாதச் செலவுப்பணம் 28 நாள் வங்கியில் இருக்கவும் வேண்டும். முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் ஒழிய அந்தப் பக்கம் போகக் கூடாது. மெடிசினுக்குக் காணியை ஈடு வைக்கக் கூடாது என்று சொன்ன வாயால் இதற்கு வை என்று சொல்ல மாட்டேன். பிள்ளை, இதை நீயும் கேட்டுக்கொள்.

மாமாவுக்கு நல்ல மனம், அவரைப் பகைக்க வேண்டாம். விடுதிக்கு அனுப்பவிருந்த காசில் ஒரு பங்குக்கு ஆங்கில வகுப்பு, சிங்கள வகுப்பு, ஒரு மடிகணினி வாங்கித் தரச் சொல்லுங்கள். மிச்சத்தை அவரே வைத்திருக்கட்டும். சொந்தக்காரர் கேட்டால் மகள் சமூகவியல் படிக்கப் போகிறாள் என்று சொல்லுங்கள், அது போதும். இந்தக் கிழமைக்குள் பாடசாலைக்குப் போய் அளவையியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எழுதுங்கள், முள்ளியவளையிலோ கிளிநொச்சியிலோ இருக்கிற பாடசாலையைப் பார்ப்போம். கொப்பியின் மற்றப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், அவளிடம் கேட்டுவிட்டு.